இரட்டைக் கம்பியின் கதை

சம்பள நாளன்று தோட்ட ஆபீஸ் வாசலில் வரிசை பிடித்து நின்று, கிராணியார் பெயர் கூப்பிட, வெள்ளியை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு லயத்துக்குத் திரும்பிய காலம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். இப்பொழுது சம்பளம் வங்கிக் கணக்கில் போய் விழுகிறது. சேமநிதிக் கணக்கு, ஆஸ்பத்திரிப் பதிவு, பிள்ளைகளின் தேர்வு முடிவு எல்லாமே எங்கோ ஓர் ஊரில், குளிரூட்டிய கட்டடத்தில் நிற்கும் கணினிகளில் இருக்கின்றன. கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதே இவற்றின் தொழில். ஆகவே இவற்றைச் சர்வர் என்பார்கள்; வழங்கி என்று தமிழில் சொல்லலாம்.

இந்தச் சர்வர், மேசை இழுப்பறை போன்ற தட்டையான ஓர் இரும்புப் பெட்டி. இப்படிப் பல பெட்டிகளை 19 அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வைப்பார்கள். அந்த 19 அங்குல அளவுகூடப் பழைய தொலைபேசி நிலையங்களிலிருந்து வந்ததுதான். பெட்டியின் பின்புறம் போய்ப் பார்த்தால், கம்பி செருகுவதற்கான வாய்கள் இரண்டோ நான்கோ இருக்கும். போர்ட் என்பது அவற்றின் பெயர். இரண்டு போர்ட்டிலும் கம்பி செருகியிருக்கும். இரண்டும் ஒரே வேலைக்குத்தான்.

ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு கம்பி? ஒன்று அறுந்தால் மற்றொன்று உதவும் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் இரண்டு கம்பி போட்டும் ஊரே ஊமையான கதைகள் உண்டு. இரண்டு கம்பி போட்டதனாலேயே எல்லாம் நின்றுபோன கதையும் உண்டு. அந்த வரலாற்றைத்தான் இன்று சற்று விரிவாகக் காண்போம்.

கணினி பிறப்பதற்கு முன்னரே இந்தக் கேள்வி பிறந்துவிட்டது. 1870, 1871ஆம் ஆண்டுகளில் மதராஸிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடியில் தந்திக் கம்பி போட்டார்கள். நம் முன்னோர் நாள்கணக்கில் கப்பலில் கடந்த அதே கடலைச் செய்தி ஒரு நொடியில் கடந்தது. அந்தக் கம்பிக்கு உறையாக இருந்தது கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். நம் மலாயாக் காடுகளில் வளர்ந்த மரத்தின் பால் அது. சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் மாண்ட்கோமரி என்பவர் 1843இல் அதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பி வைத்தார். ரப்பரைப் போல் கீறிப் பால் எடுக்காமல், மரத்தையே வெட்டிச் சாய்த்து எடுத்தார்கள். உலகக் கடல்களெங்கும் கம்பி ஓடியது; இங்கே அந்த மரம் அருகிப்போனது. இது வேறு கதை. ஆனாலும் பால் வெட்டுவோர் வீடுகளில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஒற்றைக் கம்பியாக இருந்தவரை, அது எங்கேனும் அறுந்தால், பழுது பார்க்கும் கப்பல் வந்து சேரும்வரை மறுகரைக்குச் செய்தி இல்லை. ஆகவே செல்வமும் பகையும் மிகுந்த பிரிட்டிஷ் பேரரசு இரண்டாம் வழி தேடியது. அதுவரை ஆஸ்திரேலியாவின் தந்திகள் சிங்கப்பூர், ஜாவா வழியாகவே போயின. 1902இல் பசிபிக் கடலின் அடியில் கனடாவுக்கு மற்றொரு பாதை அமைத்தார்கள்.

இரண்டாம் வழியின் அருமை 1914இல் தெரிந்தது. 'அவன் பெரிய எம்டன்' என்று நம் வீடுகளில் சொல்கிறோம் அல்லவா? அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு மதராஸைச் சுட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அக்டோபர் 28ஆம் தேதி விடியலில் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் தேதி கொக்கோஸ் தீவில் ஆள்களை இறக்கியது. இந்தியப் பெருங்கடலின் கம்பிகள் வந்து கூடும் தந்தி நிலையம் அங்கே இருந்தது. கம்பியில்லாத் தந்தியும் இருந்தது. ஜெர்மானியர் கம்பத்தைச் சாய்த்தனர், கருவிகளை உடைத்தனர், கடற்கம்பியை வெட்டினர். ஆனால் அவர்கள் கரையேறுவதற்கு முன்பே நிலையத்தார் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டனர். எம்டன் தன் கருவியால் அதைக் குழப்பப் பார்த்தும் பலிக்கவில்லை. அருகில் போய்க்கொண்டிருந்த சிட்னி என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் விரைந்து வந்தது. அன்றோடு எம்டனின் ஆட்டம் முடிந்தது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனத்தில் பால் பாரன் என்ற பொறியாளர் பணியாற்றினார். தொலைபேசிக் கம்பிகள் எல்லாம் சில பெரிய நிலையங்களில் போய்ச் சேருவதை அவர் கவனித்தார். அந்தச் சில நிலையங்கள் போரில் அழிந்தால் நாடே பேச்சற்றுப் போகுமே! மீன்வலையைப் போல ஒவ்வொரு முடிச்சையும் அக்கம்பக்கத்து முடிச்சுகளோடு பிணைத்துவிட்டால் என்ன என்று எண்ணினார். கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அளவற்ற கம்பிகள் தேவையில்லை. ஒரு முடிச்சுக்கு மூன்று, நான்கு இணைப்புகள் இருந்தாலே வலை மிக உறுதியாக நிற்கும். இதை 1964இல் எழுதி வெளியிட்டார். தொலைபேசிக் கம்பெனியார் நடவாத காரியம் என்று ஒதுக்கினார்கள்.

1969இல் ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலை நான்கு இடங்களை இணைத்துத் தொடங்கியது. அணுகுண்டுக்குத் தப்பவே அதைக் கட்டினார்கள் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று, விலையுயர்ந்த கணினிகளை ஆராய்ச்சியாளர்கள் தூரத்திலிருந்தபடியே பகிர்ந்துகொள்ளக் கட்டியதே அது. ஆயினும் ஒரு வழி அடைபட்டால் மறுவழியில் போகும் குணம் அதற்கு இருந்தது.

அந்தக் குணத்தை நம்பியிருந்தவர்களுக்கு 1986 டிசம்பர் 12ஆம் தேதி ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியை மற்றப் பகுதிகளோடு இணைக்க ஏழு வழித்தடங்கள் இருந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, ஏழு! அன்று ஏழும் ஒரே நேரத்தில் செத்துப்போயின. தேடிப் பார்த்தபோது உண்மை வெளியாயிற்று. வரைபடத்தில் ஏழு கோடுகளாக இருந்தவை, நியூவார்க், ஒயிட் பிளெயின்ஸ் என்னும் ஊர்களுக்கிடையே ஒரே கண்ணாடி இழைக் கம்பிக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஒரு கம்பி அறுந்தது. அரை நாள் அளவுக்கு அப்பகுதி வலையிலிருந்து துண்டிக்கப்பட்டது.

ஒரு தோட்டத்துக்கு வெளியே போக ஏழு பாதைகள் இருந்து, ஏழும் போய் ஒரே மரப்பாலத்தில் ஏறினால், மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்தின் கதி என்ன? வழித்தடங்களை வாடகைக்கு எடுத்தவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். மண்ணுக்கடியில் கம்பி எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கவில்லை.

இதுவரை ஊருக்கு ஊர் போன கம்பிகளைக் கண்டோம். சர்வரின் பின்புறப் போர்ட்டுக்கு வேறொரு வரலாறு உண்டு. 1973இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப், டேவிட் பாக்ஸ் என்னும் இருவர் ஈதர்நெட் என்ற முறையை உருவாக்கினார்கள். ஒரு கட்டடத்திலுள்ள கணினிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே தடித்த கம்பி. பேசுவதற்கு முன் கம்பி சும்மா இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருவர் ஒரே சமயத்தில் பேசிவிட்டால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு நேரம் பொறுத்து மறுபடி தொடங்க வேண்டும். லயத்துக் குழாயடியில் பேசுவோருக்கும் இந்த விதியைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்த முறையில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போக்குவரத்து. அரைவழி முறை என்று சொல்லலாம். பின்னர் ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி போட்டு, எல்லாக் கம்பிகளையும் சுவிட்ச் என்னும் பெட்டியில் கொண்டுவந்து கூட்டினார்கள். விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை. கம்பிகள் கூடும் சந்தி என்று கொள்க. கம்பி தனியானதும் போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்றாயிற்று. இந்த முழுவழி முறைக்கு 1997இல் விதிநூல் வந்தது.

இங்கே ஒரு சங்கடம். கம்பியின் ஒரு முனை முழுவழி என்றும் மறுமுனை அரைவழி என்றும் நினைத்துக்கொண்டால்? ஒற்றை லாரிப் பாலத்தில் எதிரே வண்டி வந்தால் நிறுத்திப் பின்வாங்குபவர் ஒருவர். இரட்டைப் பாலம் என்று எண்ணி நிற்காமல் ஓட்டிவருபவர் மற்றவர். இணைப்பு அறவே அறுந்துபோகாது. விளக்கு பச்சையாக எரியும். வேலை மட்டும் நத்தையாக நகரும். அறுந்த கம்பியை அரை மணியில் கண்டுபிடித்துவிடலாம். இதைக் கண்டுபிடிக்க நாள்கள் ஆகும். இரு முனையும் தாமே பேசி ஒத்துக்கொள்ளும் ஏற்பாடு 1995இல் வந்தது. அதன் பிறகும், ஒரு முனையை மட்டும் மனிதர் கையால் முழுவழி என்று பூட்டிவிட்டால், மறுமுனை பதில் கிடைக்காமல் அரைவழியைப் பிடித்துக்கொள்ளும். பூட்டினால் இரண்டையும் பூட்ட வேண்டும். இல்லையேல் இரண்டையும் தம் போக்கில் விட வேண்டும்.

இப்போது முதற்கேள்விக்குத் திரும்புவோம். இரண்டு சுவிட்சுப் பெட்டிகளுக்கு இடையே, பாதுகாப்புக்காக, ஒரு கம்பிக்கு இரண்டு கம்பி போடுகிறோம். என்ன நடக்கும்? எல்லோருக்கும் அறிவிக்கும் செய்தி ஒன்று முதற்கம்பியில் போய், இரண்டாம் கம்பியில் திரும்பி, மீண்டும் முதற்கம்பியில் போகும். எத்தனை பெட்டிகளைத் தாண்டினோம் என்ற கணக்கு ஈதர்நெட் செய்தியில் கிடையாது. ஆகவே அதற்கு முடிவே இல்லை. சுற்றச் சுற்றப் படிகள் பெருகி, சில நொடியில் வலை முழுவதும் அந்த ஒரே செய்தியால் நிரம்பிவிடும். காப்பாற்றப் போட்ட கம்பியே கழுத்தைச் சுற்றிவிடும்.

இதற்கு வழி கண்டவர் ரேடியா பெர்ல்மன் என்னும் பெண்மணி. அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் பணியாற்றியபோது 1985இல் தம் முறையை வெளியிட்டார். மரத்தை எண்ணிப் பாருங்கள். அடிமரத்திலிருந்து கிளை பிரியும். கிளையிலிருந்து கொப்பு பிரியும். பிரிந்த கொப்பு மறுபடி வந்து ஒட்டாது. ஆகவே மரத்தில் சுற்று இல்லை. பெட்டிகள் தங்களுக்குள் பேசி, மிகச் சிறிய எண்ணுடைய பெட்டியை வேராகத் தேர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றும் வேருக்குப் போகக் குறுகிய வழியை வைத்துக்கொண்டு, மிஞ்சிய போர்ட்டுகளை மூடிக்கொள்ளும். மூடிய போர்ட் தூங்கிவிடாது, காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். நடப்புக் கம்பி அறுந்தது தெரிந்ததும் அது திறக்கும். இந்த முறையைப் பற்றி அவர் ஒரு சிறு பாட்டும் எழுதிக் கட்டுரையிலேயே சேர்த்துவிட்டார். இது 1990இல் பொது விதியாயிற்று. குறை ஒன்று உண்டு: பழைய முறையில் போர்ட் திறக்க 50 நொடிகள்வரை பிடிக்கும். 2001இல் வந்த திருத்தம் அதைப் பெரிதும் குறைத்தது.

நல்ல விதிக்கும் எல்லை இருக்கிறது. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலை திடீரென்று முடங்கியது. ஆண்டுக்கணக்கில் ஒட்டு ஒட்டாக வளர்ந்த வலை அது. பெட்டிச் சங்கிலியின் நீளம் விதி அனுமதித்த 7 என்ற அளவைத் தாண்டியிருந்தது. ஆராய்ச்சி வேலைக்காக ஒருவர் பெருந்தொகையான தகவலை அனுப்பியபோது, மூடியிருக்க வேண்டிய வழிகள் திறந்து, செய்திகள் சுற்றத் தொடங்கின. ஏறக்குறைய நான்கு நாள்கள் இழுபறி. மருந்துச் சீட்டும் இரத்தப் பரிசோதனைச் சீட்டும் கைகளால் எழுதப்பட்டு, ஆள்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவர் நடந்ததை ஒளிக்காமல் ஊரறிய எடுத்துச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதால் பல ஊர் மருத்துவமனைகள் தங்கள் கம்பிகளைத் தேடிப் பார்த்தன. நம்மைக் கேட்டால், இந்தக் கதையில் மிகப் பெரிய காரியம் அதுதான் என்போம்.

சரி, ஒரு சர்வரின் இரண்டு போர்ட்டுகளை எப்படிப் பயன்படுத்துவது? முதலில் இரண்டைச் சேர்த்துக் கட்டியது காவலுக்காக அன்று, வேகத்துக்காக. 1994இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் காடர்டு நிலையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகியோர் 16 சாதாரணக் கணினிகளை இணைத்து ஒரு பெருங்கணினி போல் வேலை வாங்கினார்கள். கம்பியின் வேகம் போதவில்லை. கம்பிகளை இணைத்துக் கட்டினார்கள். அந்த வழியில் வந்த நிரல் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் இன்றும் இருக்கிறது. அதில் 0 முதல் 6 வரை ஏழு முறைகள்.

ஏழையும் விவரிக்கத் தேவையில்லை, மூன்று போதும். 0ஆம் முறையில் செய்தித் துண்டுகள் இந்தக் கம்பிக்கு ஒன்று, அந்தக் கம்பிக்கு ஒன்று என மாறி மாறிப் போகும். வேகம் கிடைக்கும், ஆனால் பின்னால் கிளம்பியது முன்னால் போய்ச் சேர்ந்து வரிசை குலையலாம். 1ஆம் முறையில் ஒன்று வேலை செய்யும், மற்றொன்று காத்திருக்கும். 4ஆம் முறையில் இரண்டும் வேலை செய்யும். கம்பியின் இரு முனையும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். இதற்கு 2000ஆம் ஆண்டில் விதி வந்தது. வரிசை குலையாதிருக்க, ஓர் உரையாடல் முழுவதும் ஒரே கம்பியில்தான் போகும். ஆகவே இரண்டு கம்பி கட்டியதால் ஒரு கோப்பு இரட்டை வேகத்தில் போகும் என்று எண்ணினால் ஏமாற்றமே.

4ஆம் முறையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த விதிப்படி இரண்டு கம்பிகளும் ஒரே சுவிட்சுப் பெட்டிக்குப் போக வேண்டும். பெட்டியே பழுதானால் இரண்டும் ஒன்றாகச் சாகும். 1986இல் கண்ட பாலம்தான். இரண்டு பெட்டிகள் ஒரு பெட்டி போல நடிக்கும் ஏற்பாட்டைப் பின்னர் உற்பத்தியாளர்கள் கொண்டுவந்தார்கள், விலை கூடுதல். 1ஆம் முறையில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு கம்பியையும் வெவ்வேறு பெட்டிக்குக் கொண்டு போகலாம். பார்க்கச் சோம்பேறி முறை போல் தோன்றும். ஆனாலும் பணம் குறைந்த இடத்தில் நம் ஓட்டு அதற்கே.

முறையைத் தேர்ந்துவிட்டால் போதுமா? முதற்கம்பி செத்தது என்று சர்வர் எப்படி அறியும்? சாதாரணமாக, பக்கத்துப் பெட்டியோடு மின்தொடர்பு இருக்கிறதா என்று நொடிக்குப் பல தடவை பார்த்துக்கொள்ளும். பெட்டிக்கு அப்பால் பாதை அறுந்திருந்தால் அது தெரியாது. தோட்டத்து வாசலில் காவற்காரர் நிற்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வழி நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறோம். வளைவுக்கு அப்பால் பாலத்தை வெள்ளம் கொண்டு போயிருக்கிறது. ஆகவே தூரத்திலுள்ள ஒரு கணினியைக் கூப்பிட்டு 'இருக்கிறாயா?' என்று கேட்டுப் பதில் வாங்கும் முறையும் வைத்திருக்கிறார்கள். முதற்கம்பி பிழைத்து வந்ததும் உடனே அதற்கே திரும்ப வேண்டுமா என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை செத்துச் செத்துப் பிழைக்கும் கம்பியானால், அங்குமிங்கும் தாவியே சர்வர் களைத்துவிடும்.

சர்வருக்குள் மற்றொரு சிறு கணினியும் உண்டு. பெரியது அணைந்து கிடந்தாலும் இது விழித்திருக்கும்; தூரத்திலிருப்பவர் இதன் வழியாகப் பெரியதை எழுப்பலாம். இதற்கான பொது விதியை 1998இல் நான்கு கம்பெனிகள் சேர்ந்து வெளியிட்டன. இதற்குத் தனிப் போர்ட் கொடுக்கலாம். பெரியதன் போர்ட்டிலேயே ஒண்டிக்கொள்ளவும் செய்யலாம். ஒண்டினால் ஒரு கம்பி மிச்சம். ஆனால் அந்தக் கம்பிக்கே நோய் வந்த நாளில் நோயாளியையும் காண முடியாது, வைத்தியரையும் கூப்பிட முடியாது. தனிப் போர்ட் அறுந்தால் மட்டும் மற்றதில் ஒண்டும் நடுவழியும் சில பெட்டிகளில் உண்டு.

2006 டிசம்பர் 26ஆம் தேதி தைவானின் தெற்கே நிலம் நடுங்கியபோது, கடலடியில் மண் சரிந்து பல கம்பிகளை அறுத்தது. வெவ்வேறு கம்பெனிகளின் கம்பிகள். ஆனால் எல்லாம் ஒரே கடற்பகுதி வழியாகப் போயின. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இணையம் தள்ளாடியது. சரிசெய்ய வாரக்கணக்கில் ஆயிற்று.

2020ஆம் ஆண்டுகளில் ஜொகூர் மாநிலத்தின் கூலாய், செடெனாக் பகுதிகளில் பெரிய பெரிய தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. அவற்றுள் சில, செம்பனை நின்ற நிலத்தில் நிற்கின்றன. நம் மக்கள் குலை அறுத்துத் தோளில் சுமந்த இடத்தில் இன்று சர்வர்கள் அடுக்கியிருக்கின்றன. அந்தக் கட்டடங்களின் வாசலைக் காவல் காக்கும் வேலை மட்டும் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தால் போதாது என்பது நம் எண்ணம். தொழிற்கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கணினி வலைப்பின்னல் ஒரு பாடமாக இருக்கிறது. ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் விசாரித்து வையுங்கள்.

அங்கே வேலை செய்வோருக்கு ஒரு சோதனை உண்டு. எல்லாம் பூட்டி முடித்த பின், சர்வரில் உண்மையான வேலையை ஏற்றுவதற்கு முன், ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் பின்புறம் போய் வேலை செய்துகொண்டிருக்கும் கம்பியைக் கையால் பிடுங்கிவிடுவார். எத்தனை நொடி தடைப்பட்டது என்று எழுதிக்கொள்வார்கள். அதைச் செருகிவிட்டு மற்றதைப் பிடுங்குவார்கள். அடுத்து ஒரு சுவிட்சுப் பெட்டியின் மின்சாரத்தை அணைத்துப் பார்ப்பார்கள். கடைசியில், அந்தப் பெட்டிக்கு அப்பாலுள்ள கம்பியைப் பிடுங்குவார்கள். விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும். அப்போது திரையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பார்கள்.